800 அடி அளப்பு

வாடா பேராண்டி, குந்து. நீ புல்லட்டுல லடாக் போறியாமே, பருத்திப்பட்டு முழுக்க இதே பேச்சு. சந்தோஷம்டா. அம்பத்தூர் எஸ்டேட் சிக்னல்ல பத்து நிமிஷம் நின்னா தல சுத்துதுன்றவன், மணாலிலேருந்து லே வரைக்கும் 400 கிலோமீட்டருக்கு மேல மலை ஏறப்போறே. உன்னப் பாத்ததும் மலை பயந்துபோய் ஓரமா ஒதுங்கிக்கும், கவலப்படாத.

நம்ம ஆவடி டேங்க் ஃபேக்டரியில செய்யற டி-90 டேங்கு இருக்கே, 2020-ல சீனாக்காரனோட தகராறு வந்தப்போ அதையும் லடாக்குல கொண்டுபோய் நிறுத்தினாங்க. 40 டன்னுக்கு மேல கனம். அந்த இரும்புக்கே உறையாத டீசல் தனியா ஊத்தி, ராத்திரில அப்பப்போ இஞ்சின கெளப்பிவிட்டுக் காப்பாத்த வேண்டியிருந்துச்சி. உனக்கு இன்னா, ஜாக்கெட்டு ஒண்ணு வாங்கிட்ட. போதும்.

அங்க ரோட்டு மேலயே ஓடை ஓடும். வெயில் ஏற ஏற பனி உருகும், மத்தியானத்துல தண்ணி முட்டிய தொடும். அதனால விடிஞ்சதும் தாண்டிடணும். நீதான் ஒம்போது மணிக்கு முன்னாடி எழுந்த சரித்திரமே இல்லியே! போன மழைக்கு சுரங்கப்பாதை தண்ணியில வண்டிய வுட்டு, சைலன்சர்ல தவளைய குடிவெச்சு தள்ளிகினு வந்தவனாச்சே.

மொத ராத்திரி வழியில ஜிஸ்பா கிராமத்துல படு. அதத் தாண்டி சர்ச்சுன்னு ஒரு எடம் வரும், அங்க படுக்காத, அது 14,000 அடி உசரம், காத்து கம்மி, மண்டை வெடிக்கும். லே போய்ச் சேந்ததும் 2 நாள் சும்மா குந்து. அத உனக்கு சொல்லித்தரவே வேணாம். நம்ம ஊரு ப்ரீபெய்டு சிம்மு அங்க எடுக்காது. பாவம், உங்கப்பனுக்கு ‘பணம் போடு’ன்னு ஒரு வாரம் போன் வராது.

அப்புறம் லேலேருந்து கர்துங் லா கணவாய்க்குப் போய், பலகை முன்னாடி நின்னு போட்டோ புடிப்பே. அங்க ரொம்ப வருஷமா 18,380 அடின்னு எழுதி வெச்சிருந்தாங்க. கருவி வெச்சு அளந்தா 17,582 தான். மலையே 800 அடி சேத்து அளக்குது, நீ எவ்ளோ அளப்பியோ!

இதெல்லாம் இந்தக் கெழவனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. பட்டாளத்துல 2 வருஷம் அதே ரோட்டுல லாரி ஓட்டினவன்டா நான். ஊருல யார்கிட்டயாச்சும் அளந்திருக்கேனா?

பத்திரமா போயிட்டு வா. வந்து எவ்ளோ வேணா சொல்லு. 800 அடி கழிச்சிகினு கேக்குறேன்.