கைக்கு அடக்கமான கோயமுத்தூர்

புதுச்சட்டை போட்டவரிடம் விலை கேட்டால் மற்ற ஊர்களில் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். கொங்கு நாட்டில் குறைத்துச் சொல்வார்கள். இருநூறுக்கு வாங்கியது நூற்றைம்பது ஆகும். கேட்டவரும் லேசுப்பட்டவரா என்ன? "நெம்ப ஏமாந்துட்டீங், திருப்பூர் காதர்பேட்டையில நூறுதானுங்" என்று ஒரே போடாகப் போடுவார். இந்த ஆட்டத்தில் தோற்றவர் அன்று இரவு சரியாகத் தூங்க மாட்டார்.

கோபிச்செட்டிபாளையம் பக்கத்து மாமா ஒருவர் இதில் மாநில அளவில் ஆடத் தகுதியானவர். வாழையும் மஞ்சளுமாக நிலம் இருக்கிறது, வசதிக்குக் குறைவில்லை. அவர் வேட்டியைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வருமான வரித்துறையாலும் முடியாது. அத்தையைக் கூட்டிக்கொண்டு அவ்வப்போது கோவைக்கு வருவார். பெரிய நகரத்தை முழுசாக அனுபவிக்க வேண்டும், சட்டைப் பையிலிருக்கும் ஐந்நூறு ரூபாய் நோட்டு உடையவும் கூடாது. இது மாமாவின் கொள்கை.

கிளம்பும் நாளில் ஒரு கல்யாண முகூர்த்தம் வாய்த்துவிட்டால் காலைச் சாப்பாடு மண்டபத்திலேயே முடிந்துவிடும். அதை யாராவது ஓசிச் சாப்பாடு என்று சொன்னால் மாமாவுக்குக் கண் சிவக்கும். மொய் எழுதியிருக்கிறாரே! யார், எந்த வருஷம், எந்த விசேஷத்துக்கு எவ்வளவு வைத்தார்கள் என்ற கணக்கு அவர் வீட்டு அலமாரியில் நோட்டு நோட்டாக இருக்கிறது. இலையில் விழும் இரண்டாவது ஜிலேபி வரைக்கும் அவர் முன்பணம் கட்டியவர்.

மலிவு பெருமை, ஓசி கேவலம். கொங்குச் சட்டத்தின் முதல் பிரிவு இது. 2022இல் கோவை டவுன் பஸ் ஒன்றில் ஒரு பாட்டி இலவச டிக்கெட்டை வாங்க மறுத்து, காசைப் பிடித்தால்தான் ஆச்சு என்று கண்டக்டரோடு மல்லுக்கு நின்ற வீடியோ தமிழ்நாடு முழுக்க ஓடியது. அது அரசியல் ஏற்பாடா, உண்மையான ரோஷமா என்று கட்சிகள் அடித்துக்கொண்டன. கோபி மாமாவுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. எங்க பெரியம்மாவா இருந்தாலும் இதைத்தான் செய்திருக்கும் என்றார்.

அத்தையின் தீர்ப்பு வேறு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து காசு கிடையாது. அது ஓசியே கிடையாது, அவர் கட்டிய வரி திரும்பி வருகிறது, அவ்வளவுதான். மாமாவுக்குத் தனியார் பஸ் மேல் ஆசை. இளையராஜா பாட்டும் கலர் லைட்டும் காதைப் பிளக்கும் ஹாரனுமாகக் கோவைத் தனியார் பஸ் ஒரு நகரும் திருவிழா. டிக்கெட் காசுக்குக் கச்சேரி இனாம் என்பது அவர் கணக்கு. அதில் அத்தைக்கும் டிக்கெட் எடுக்க வேண்டுமே! காந்திபுரத்தில் பஸ் மேல் பஸ்ஸாக விட்டுவிட்டு இருவரும் நிற்பார்கள்.

"நீங்க வேணும்னா பாட்டுக் கேட்டுட்டே போயி எறங்கி நில்லுங். நான் கவருமெண்டு பஸ்ல வந்து சேர்றேன்."

"ஏம்புள்ள, டவுனுக்குள்ள தனியா வந்துருவியா?"

"காசில்லாமப் போறவளுக்கு என்னங்க பயம்?"

அந்தக் காந்திபுரத்தில், மத்திய சிறைக்குச் சொந்தமான நிலத்தில் 45 ஏக்கரில் செம்மொழிப் பூங்கா அமைத்து 2025 நவம்பரில் திறந்தார்கள். மாமா சுற்றிப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் போட்டு, "ஜெயிலுக்குப் போயிட்டு வந்தாச்சுங்" என்றார். ஆர்.எஸ்.புரத்தில் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் அவருக்கு இன்னும் பிடித்த இடம். வரிசையாக வைத்திருக்கும் மரத் துண்டுகளுக்கு முன்னால் நின்று, கதவு நிலவுக்கு எது தோதுப்படும் என்று மதிப்புப் போடுவார். பாடம் செய்து நிறுத்திய காட்டெருமையைப் பார்த்து அத்தை, "இது தீவனமில்லாம நிக்குது, சிக்கனம்னா இதுங்க" என்றார்.

தாகம் எடுத்தால் சிறுவாணி. உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று கோவைக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். முதலாவது எது, யார் குடித்துப் பார்த்து மார்க் போட்டது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். அணை இருப்பது கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில். பெருமை மட்டும் முழுக்க நமக்கு. ஓட்டலில் உட்கார்ந்ததும் சர்வர் "பாட்டில் தண்ணியா, சாதா தண்ணியா?" என்று கேட்பதை மாமா ஊருக்கே செய்த அவமானமாக எடுத்துக்கொள்வார்.

ஓட்டலில்தான் அவருடைய சட்ட ஞானம் வெளிப்படும். ஒரு இட்லிக்கு எத்தனை முறை சாம்பார் கேட்கலாம்? கேட்டால் ஓசியாகாதா? ஆகாது. சாம்பார் இட்லியோடு பிறந்த உரிமை. ஆனால் இனிப்புக் கடையில் சாம்பிள் வாங்கித் தின்றுவிட்டு ஒன்றும் வாங்காமல் இறங்குவது பாவம். ஆகவே அவர் சாம்பிள் பக்கமே கை நீட்ட மாட்டார். மால் ஏசியில் காற்று வாங்குவது எந்தப் பிரிவில் வரும் என்பதில் மட்டும் அவருக்கே இன்னும் தெளிவில்லை. அரை மணி நேரம் குளிர்ந்ததற்குப் பரிகாரமாக ஒரு முறை அங்கே காபி வாங்கப் போனார். விலைப் பலகையைப் பார்த்ததும் பாவத்தோடேயே வாழ்வது என்று முடிவெடுத்து வெளியே வந்தார்.

இந்த நுட்பமான கணக்கு மாமாவோடு நிற்பதில்லை. 2024 செப்டம்பரில் கோவை கொடிசியாவில் தொழில்துறையினர் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனைச் சந்தித்தார்கள். அப்போது அன்னபூர்ணா ஓட்டல் உரிமையாளர் சீனிவாசன், பன்னுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, உள்ளே க்ரீம் வைத்தால் 18 சதவீதம் என்று எடுத்துச் சொன்னார். வாடிக்கையாளர்கள் க்ரீமையும் பன்னையும் தனித்தனியாகக் கேட்கிறார்களாம், தாங்களே வைத்துக்கொள்கிறார்களாம். தேசமே இதைக் கேட்டுச் சிரித்தது. கோவை சிரிக்கவில்லை, அந்த யோசனை தனக்கு முதலிலேயே தோன்றாமல் போச்சே என்று வருந்தியது. 2025 செப்டம்பரில் வரியைக் குறைத்து அந்தச் சந்தோஷத்தையும் பறித்துவிட்டார்கள்.

ஊரின் முன்னோடிகளும் இப்படித்தான். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941இல் அறிவித்தவர் ஜி.டி.நாயுடு. பின்னாளில் இரண்டாயிரம் ரூபாயில் இரண்டு பேர் போகும் கார் என்றார். அரசாங்க அனுமதிதான் வரவில்லை. வந்திருந்தால் மாமா அதையும் ஆயிரத்து எண்ணூறுக்குக் கேட்டிருப்பார். அவிநாசி ரோட்டில் 10.1 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டிய மேம்பாலத்துக்கு 2025 அக்டோபரில் நாயுடுவின் பெயரை வைத்துத் திறந்தார்கள். 1,791 கோடி ரூபாய்ப் பாலத்தில் சுங்கம் இல்லாமல் போய்வரலாம் என்று கேட்டதும் மாமாவுக்கு ஒரே குஷி. மேலே ஏறிப் பார்ப்பதற்காகவே ஒரு சொந்தக்காரரின் காரில் இடம் பிடித்தார்.

வெயில் சாய்ந்ததும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வரும். அதற்கு ஏற்ற இடங்கள் இரண்டு. ஒன்று ரேஸ்கோர்ஸ். இரண்டரை கிலோமீட்டர்ச் சுற்றுப் பாதையில் மில் முதலாளியும் பென்ஷன்தாரரும் ஒரே மாதிரி கேன்வாஸ் ஷூவில் வேர்த்துக்கொண்டு போவார்கள். யார் யாரென்று கண்டுபிடிப்பதே ஒரு பொழுதுபோக்கு. இன்னொன்று உக்கடம் பெரியகுளம். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் கரை கட்டி நடைபாதை போட்ட பிறகு, நொய்யல் தண்ணீர் வரும் அந்தக் குளத்துக்குக் கடற்கரை அந்தஸ்து வந்துவிட்டது. கடலில்லாத குறையைக் கோவை இப்படித்தான் தீர்த்துக்கொள்கிறது. என்ன, அலை மட்டும் இல்லை, சுண்டல் இருக்கிறது.

ரயில் பைத்தியமாக இருந்தால் பத்து ரூபாய் டிக்கெட்டில் 36 கிலோமீட்டர் தள்ளி மேட்டுப்பாளையம் போகலாம். ஊட்டி மலை ரயிலில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அந்த வண்டியைப் பிளாட்பாரத்தில் நின்று கண்ணாரப் பார்க்க முன்பதிவு வேண்டியதில்லை.

எல்லாக் கணக்கையும் குப்புறத் தள்ளுவது திருப்பூர்தான். காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய பனியனும் டி-சர்ட்டும் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். மிச்சம் பிடிக்கப் போன மாமா, ஒன்றுக்கு இவ்வளவு லாபம் என்றால் ஒரு கட்டுக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்து மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தார். அதில் பாதி ஜெர்மானியர் அளவு. பேரன் அதில் ஒன்றை நைட்டியாகப் போட்டுக்கொண்டு திரிகிறான்.

இருட்டினால் காளான் கடை. கோவைத் தள்ளுவண்டிக் காளானை மறந்துவிட்டு யாரும் இந்த ஊரைப் பார்த்துவிட்டதாகச் சொல்லக்கூடாது. முட்டைக்கோசும் மைதாவும் பொரிந்து, கல்லில் கொத்துப்பட்டு, சிவப்புக் குழம்பில் கொதித்து, மேலே வெங்காயமும் மல்லித்தழையும் தூவித் தட்டில் வந்து உட்காரும். பல கடைகளில் காளானைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அத்தை பல்குச்சியால் ரொம்ப நேரம் துழாவினார்.

"ஏனுங் தம்பி, இதுல காளான் எங்கீங்?"

"இந்த வெலைக்குப் பேரு மட்டுந்தானுங்க்கா. உள்ள போட்டா உங்களுக்குக் கட்டாதுங்."

மாமா அந்தப் பையனை மரியாதையோடு ஏற இறங்கப் பார்த்தார். "என்ன படிச்சிருக்கே கண்ணு?" என்று விசாரித்துவிட்டு, இன்னொரு தட்டு சொன்னார்.