கறுப்புத் திரை தந்த வள்ளல்

விண்டோஸ்காரர்கள் பாவம். கிராபிக்ஸ் கார்டை வாங்கிச் செருகுகிறார்கள், டிரைவரை இறக்கி நாலு தடவை 'நெக்ஸ்ட்' அழுத்துகிறார்கள், விளையாடப் போய்விடுகிறார்கள். தங்கள் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதே தெரியாமல் காலம் ஓடிவிடுகிறது. லினக்ஸில் என்விடியா கார்டு போட்டவருக்கு அந்தக் குறை இல்லை. அவர் ஒரு கேம் விளையாடத்தான் உட்கார்ந்தார்; விடிவதற்குள் கெர்னல், மாட்யூல், பூட் லோடர் என்று ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் பாதியை முடித்துவிட்டு எழுந்திருக்கிறார். கார்டுக்கு வாங்கிய காசிலேயே கல்வியையும் சேர்த்துத் தரும் கம்பெனி இந்தக் காலத்தில் வேறு எங்கே இருக்கிறது?

இன்டெல்லும் ஏஎம்டியும் ஆட்களைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். டிரைவரின் மூலநிரலைத் திறந்துவிட்டு, அதை லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே சேர்த்தும்விட்டார்கள். லினக்ஸை நிறுவினால் டிரைவரும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. தனியாகச் செய்ய ஒரு வேலையும் இல்லை. இப்படி இருந்தால் மனிதனுக்கு உடம்பு வளையுமா?

என்விடியா அந்தத் தப்பைச் செய்யவில்லை. கார்டு எப்படி இயங்குகிறது என்ற ஆவணங்களைத் தன்னிடமே பத்திரமாக வைத்துக்கொண்டது. தாங்களே கண்டுபிடிக்கும் ஆனந்தத்தைத் தன்னார்வலர்களிடமிருந்து பறிக்க அதற்கு மனம் வரவில்லை போலும். அவர்களும் கார்டுக்குப் போகிற வருகிற கட்டளைகளை ஒட்டுக்கேட்டு, ஊகித்து, நூவோ என்ற திறந்த டிரைவரை எழுதினார்கள். 2010-இல் அது 2.6.33 கெர்னலில் இடம் பிடித்தது. எங்கே இவர்களுக்குப் பொழுது போகாமல் போய்விடுமோ என்று கம்பெனிக்குக் கவலை வந்திருக்க வேண்டும். 2014-இல் வந்த இரண்டாம் தலைமுறை மேக்ஸ்வெல் கார்டுகளிலிருந்து, கம்பெனி கையொப்பமிட்ட ஃபர்ம்வேர், அதாவது கார்டுக்குள் ஓடும் நிரல், இருந்தால்தான் கார்டு வேகத்தை ஏற்றும் என்று ஆக்கிவிட்டது. அந்தக் கையொப்பம் நூவோவுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே நூவோ ஓட்டும் அந்தக் காலத்துக் கார்டு, பூட் ஆனபோது இருந்த அதே வேகத்திலேயே நாள் முழுக்க இருக்கும். கரண்ட் மிச்சம், கார்டு தேய்மானமும் இல்லை. அத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய பொருளை வாங்கியவரே பயன்படுத்திப் பாழாக்கிவிடாமல் காப்பது எவ்வளவு பெரிய அக்கறை.

வேகம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்குக் கம்பெனியின் சொந்த டிரைவர் இருக்கிறது. முதல் வேலை, நூவோவைக் கறுப்புப் பட்டியலில் சேர்ப்பது. அதற்கென்று ஒரு கோப்பை உருவாக்கி, உள்ளே இரண்டு வரி எழுதி, பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்டவேண்டும். பிறகு கம்பெனி தரும் ரன் கோப்பை ஓட்டினால், நீங்கள் எக்ஸ் சர்வரை ஓட்டிக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது, முதலில் அதைவிட்டு வெளியேறுங்கள் என்று மரியாதையாகச் சொல்லும். அதாவது கிராபிக்ஸ் வேண்டும் என்றால் முதலில் கிராபிக்ஸைத் துறக்க வேண்டும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மவுஸ் இல்லை, ஜன்னல் இல்லை, கறுப்பில் வெள்ளை எழுத்து மட்டும். இதற்கு மேல் என்ன செய்வது என்று இன்டர்நெட்டில் தேடலாமென்றால், பிரவுசர் அந்தப் பக்கம் இருக்கிறது. (விஷயம் தெரிந்தவர்கள் ரன் கோப்பைத் தொடுவதில்லை, தங்கள் டிஸ்ட்ரோ தரும் பேக்கேஜையே போடுகிறார்கள். அது தெரியவருவது பெரும்பாலும் ரன் கோப்பைத் தொட்ட பிறகுதான்.)

கையொப்பமில்லாத நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட் போட்டிருந்தால் அருள் இரட்டிப்பு. நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். எதற்கு என்று புரியாமலே ஒன்றைக் கொடுத்து ரீபூட் செய்தால், நீலத் திரை ஒன்று வந்து ஏதாவது ஒரு கீயை அழுத்து என்று 10 வினாடி எண்ணும். அதற்குள் அழுத்தி, அந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்து, சாவியைப் பதிவு செய்தால் டிரைவர் உள்ளே வரலாம். ரீபூட்தானே என்று டீ போடப் போனவருக்கு நீலத் திரை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சிஸ்டம் ஏறிவிடும், டிரைவர் மட்டும் ஏறியிருக்காது. ஏன் ஏறவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எழுத்தெல்லாம் பெரிசு பெரிசாகத் தெரியும், அவ்வளவுதான். கண்ணுக்கு நல்லது.

எல்லாம் சரியாக நடந்து டிரைவர் ஏறியும்விட்டது என்று வையுங்கள். கெர்னல் தன் பதிவேட்டில் அந்த நல்வரவைக் குறித்துக்கொள்கிறது: என்விடியாவின் மூடிய மாட்யூலின் உரிமம் கெர்னலைக் களங்கப்படுத்துகிறது என்று. வசவு இல்லை, அதிகாரபூர்வமான நிலைக்குறியீடு. இந்தக் குறியீடு விழுந்த கெர்னலில் கோளாறு என்று போய்ச் சொன்னால், மூடிய மாட்யூலை எடுத்துவிட்டு அப்புறம் வா என்பார்கள் கெர்னல்காரர்கள். மூடிய மாட்யூலுக்குள் நாமே பார்க்க முடியாது, கெர்னல்காரர்களிடம் கேட்டால் பதில் வராது. பற்றற்ற வாழ்க்கைக்கு இதைவிட நேர்வழி உண்டா?

படிப்பு ஒருநாளில் முடிந்துவிடுவதும் இல்லை. ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புதிய கெர்னல் வருகிறது. கெர்னலுக்கு வெளியே வாழும் டிரைவரை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கம்பைல் செய்தாக வேண்டும். டெல் கம்பெனி எழுதிக்கொடுத்த டிகேஎம்எஸ் அந்த வேலையைத் தானாகவே செய்யும். பெரும்பாலும் செய்யும். செய்யாத நாள், எப்போதும் அவசர வேலை இருக்கிற நாளாகவே இருக்கும்.

லேப்டாப்காரர்களுக்கு நடந்த சேவை தனி அத்தியாயம். 2010-இல் ஆப்டிமஸ் வந்தது. ஒரே லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ், தேவைக்கேற்ப தானாக மாறிக்கொள்ளும். லினக்ஸுக்குக் கம்பெனி அந்த வசதியைத் தராமல் விட்டதால், பம்பிள்பீ என்ற மாற்று ஏற்பாட்டைத் தன்னார்வலர்களே எழுதிக்கொண்டார்கள். 2011-இல் அதன் நிறுவல் ஸ்கிரிப்டில், ஒரு கோப்புறையை அழிக்கச் சொல்லும் கட்டளையில், யுஎஸ்ஆர் என்பதற்குப் பின்னால் தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்தது. விளைவு, உள்ளே இருந்த ஒரு சின்னக் கோப்புறைக்குப் பதிலாக யுஎஸ்ஆர் முழுவதும், அதாவது சிஸ்டத்தின் பெரும்பகுதி, அழிந்துபோனது. சேர்த்து எழுத வேண்டியதைப் பிரித்து எழுதினால் பொருளே கெட்டுவிடும் என்று பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர் காதைத் திருகிச் சொன்னது, அன்றைக்குப் பலருக்கு ஒரே நொடியில் விளங்கியிருக்கும்.

எக்ஸ் சர்வருக்கு மாற்றாக வேலண்ட் வந்தபோதும் கம்பெனி தன் தனித்தன்மையைக் காத்தது. மற்றவர்கள் ஜிபிஎம் வழியில் போக, தான் மட்டும் ஈஜிஎல் ஸ்ட்ரீம்ஸ் என்ற வழியைப் பிடித்துக்கொண்டது. 2021-இல் டிரைவரின் 495-ஆம் பதிப்பில் ஊரோடு சேரும் வரை, டெஸ்க்டாப் எழுதுபவர்கள் இதற்கென்று தனி நிரல் எழுதினார்கள், அல்லது முடியாது என்றார்கள். ஸ்வே என்ற மென்பொருளை எழுதியவர்கள் நடுவில் நின்றார்கள். என்விடியாவின் டிரைவரோடுதான் ஓட்டுவேன் என்பவர் கட்டளையோடு ஒரு வாசகத்தைச் சேர்த்துத் தட்ட வேண்டும் என்றார்கள். என் அடுத்த கார்டு என்விடியாவாக இருக்காது என்பதே அந்த வாசகம். வாடிக்கையாளரைக் கொண்டே தினமும் சங்கல்பம் செய்யவைக்கும் பாக்கியம் எந்தக் கம்பெனிக்குக் கிடைக்கும்! லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸும் 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில், தாங்கள் பழகியதிலேயே மோசமான கம்பெனி இதுதான் என்று சான்றளித்து, கேமராவைப் பார்த்து நடுவிரலை உயர்த்தி ஆசீர்வதித்தார்.

அந்த ஆசி பலிக்கப் பத்து வருஷம் ஆனது. 2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் மாட்யூல்களின் மூலநிரலைத் திறந்து வைத்தது. தாராளம்தான். முக்கியமான சூட்சுமங்களில் பெரும்பகுதி அதற்குள் கார்டிலேயே இருக்கும் ஜிஎஸ்பி என்ற குட்டிப் பிராசசருக்கான ஃபர்ம்வேருக்குக் குடிபெயர்ந்திருந்தது. அது மூடியே இருக்கிறது. ஓபன்ஜிஎல், வல்கன், கூடா எல்லாம் மூடியே இருக்கின்றன. திறந்த மாட்யூலும் 2018-இல் வந்த டியூரிங் தலைமுறை தொடங்கித்தான். அதற்கு முந்தைய பாஸ்கல் கார்டு வைத்திருப்பவருக்குத் திறந்த மாட்யூல் கிடையாது. அவர் கார்டுக்குரிய மூடிய டிரைவரும் 580 வரிசையோடு முடிகிறது. நூவோவுக்குப் போகலாமென்றால் கையொப்பப் பூட்டு இருக்கிறது. அவருக்கும் கம்பெனி வழி காட்டாமல் இல்லை. புதுக் கார்டு ஒன்று வாங்கிக்கொள்ளலாம், அதில் எல்லாம் திறந்திருக்கிறதாம்.