எலிக்கு முளைத்தது

தென்னேரி வயல் வரப்பில் யாரும் நடாமலே கிடக்கும் கரிசலாங்கண்ணி, காஞ்சிபுரம் கடைத்தெருவில் முடி எண்ணெயாகப் பாட்டிலேறியதும் 'ஆன்டிஆக்சிடன்ட்' ஆகிவிடுகிறது, விலையும் அதற்கேற்ப. ஆய்வு உண்டா? உண்டு. 2008இல் நம் ஆய்வாளர்கள் முதுகு மழித்த வெள்ளெலிகளுக்கு இதன் சாற்றைப் பூசினார்கள். முடி சீக்கிரமே முளைத்தது. எலிக்குப் பரம்பரை வழுக்கை கிடையாது என்று எழுத லேபிளில் இடமில்லை போலும். 2002இல் பாக்தாத்தில் வெங்காயச் சாறு மனிதத் தலையிலேயே வேலை செய்தது. ஆனால் அது புழுவெட்டுக்கு. நம் ஆண்களுக்கு நெற்றி ஏறுவது டிஹெச்டி என்ற ஹார்மோனின் கைங்கரியம். அதற்கு மருத்துவர் எழுதும் மினாக்சிடிலோ ரத்த அழுத்த மாத்திரையாகப் பிறந்தது. மூலிகை வாசமே கிடையாது. ஆனாலும் மாப்பிள்ளை பார்க்கும் சீசனில் எண்ணெய்தான் ஓடுகிறது. அதே வீட்டார், முகூர்த்தப் புடவையின் ஜரிகையை மட்டும் உரசிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.