பழி வைக்கோல் மேல்

அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தில் பாப் பாஃபர்ட்டைப் போல யோகமும் துரதிர்ஷ்டமும் ஒருங்கே வாய்த்த பயிற்சியாளர் கிடையாது. மூன்று பெரிய பந்தயங்களையும் ஒரே ஆண்டில் வெல்லும் குதிரைக்கான, 37 ஆண்டுகளாக எந்தக் குதிரைக்கும் கிட்டாத டிரிபிள் கிரவுனை 2015-இல் அவருடைய அமெரிக்கன் ஃபாரோ வென்றது. 2018-இல் ஜஸ்டிஃபையும் வென்றது. அது யோகம். அவர் லாயத்தில் மட்டும் மருந்துகள் தாமாகவே நடந்துபோய்க் குதிரை ரத்தத்தில் கலந்துவிடுகின்றன. பாவம், அது துரதிர்ஷ்டம்.

2018-இல், அந்த மூன்றில் முதலாவதான கென்டக்கி டெர்பிக்கு நான்கு வாரம் முன்பு சாண்டா அனிடா டெர்பியில் ஜெயித்த ஜஸ்டிஃபையின் உடம்பில் ஸ்கோபோலமின் என்ற மருந்து இருந்தது. தீவனத்தில் ஊமத்தை கலந்துவிட்டதாம். நம்மூரில் சிவனுக்குச் சாத்துகிற செடி, அங்கே பயிற்சியாளருக்கு அருள்பாலித்தது! கலிஃபோர்னியா பந்தய வாரியமும் அவசரப்படவில்லை. குதிரை மூன்று பந்தயங்களையும் வென்று முடித்த பிறகு, ஆகஸ்டில், ரகசியக் கூட்டத்தில் கோப்பை மூடியது. வாரியத் தலைவரே பாஃபர்ட்டிடம் குதிரை விட்டிருந்தவர். இந்த விவகாரம் 2019-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதித்தான் ஊருக்குத் தெரிந்தது.

2020-இல் ஆர்கன்சாவில் அவருடைய இரண்டு குதிரைகளிடம் லிடோகெய்ன் என்ற மரப்பு மருந்து. உதவியாளர் முதுகுவலிக்கு ஒட்டிய பிளாஸ்திரியாம் காரணம். அதே ஆண்டு இன்னொரு குதிரையிடம் இருமல் மருந்து. குடித்தவர் லாயத் தொழிலாளி; அவர் கொட்டடியில் சிறுநீர் கழித்ததால் வந்த வினையாம். கூலிக்காரனின் மூத்திரம்கூட முதலாளிக்காக வாதாடும் தொழில் உலகத்தில் வேறு உண்டா?

2021 கென்டக்கி டெர்பியில் முதலில் வந்த பாஃபர்ட்டின் மெடினா ஸ்பிரிட், குட்டியாக 1,000 டாலருக்கு விலைபோன குதிரை. ரத்தத்தில் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. கொடுக்கவே இல்லை, எல்லாம் கேன்சல் கலாச்சாரம் என்று பாஃபர்ட் தொலைக்காட்சியில் பொருமினார். அடுத்த நாளே சொறிக்குப் பூசிய களிம்பு ஞாபகம் வந்தது. 2022-இல் பட்டம் பறிக்கப்பட்டு, இரண்டாவதாக வந்த மேண்டலூனுக்குப் போனது. மேண்டலூன் ஜெயிக்கும் என்று பணம் கட்டிய ஏமாளிகளுக்குச் சல்லிக்காசு வரவில்லை. பந்தயப் பணம் கைமாறினால் மாறியதுதான். மெடினா ஸ்பிரிட் அதைப் பார்க்க இல்லை. 2021 டிசம்பரில், மூன்று வயதில், சாண்டா அனிடாவில் காலைப் பயிற்சி ஓட்டத்துக்குப் பின் சுருண்டு விழுந்து செத்திருந்தது.

கென்டக்கி டெர்பி நடக்கும் சர்ச்சில் டவுன்ஸ் மைதானம் இதற்காக பாஃபர்ட்டுக்குத் தடை போட்டது, நீட்டித்தது, 2024-இல் அவர் பொறுப்பை ஒப்புக்கொண்டதும் விலக்கியது. அந்த மனிதர் ஒருவர்தான் கறை என்று நம்ப மைதானத்துக்கு ஆசை. ஆனால் அவர் உள்ளே வர முடியாத 2023-இல்தான் அங்கே சில வாரங்களுக்குள் 12 குதிரைகள் செத்தன. பழி போட அன்று பாஃபர்ட்டும் இல்லை, ஊமத்தையும் இல்லை. பந்தயத்தை நிறுத்தினார்களா? எல்லிஸ் பார்க் மைதானத்துக்கு மாற்றினார்கள்.