லெவல் ஏறுமா?

எல்டர் ஸ்க்ரோல்ஸ் வீடியோ கேம் வரிசையில் எந்த ஆட்டத்தில் லெவல் ஏறுவது நியாயமாக இருக்கிறது?
*(வாசகர், ஏரியூர்)*

உங்கள் ஏரியூர், நாகமரைப் பக்கம் லெவல் என்றால் மேட்டூர் அணையின் நீர்மட்டம், அந்த 120 அடிதானே! அது ஏற கர்நாடகத்தில் மழை பெய்ய வேண்டும். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆட்டங்களில், மாரோவிண்டிலும் (2002) ஒப்ளிவியனிலும் (2006) லெவல் ஏறத் தூங்க வேண்டும். தேர்ந்தெடுத்த திறமைகள் பத்துப் படி உயர்ந்த பிறகு, படுத்து எழுந்தால்தான் கணக்கில் சேரும். ஸ்கைரிமில் (2011) தூக்கம் வேண்டாம். எந்தத் திறமையைப் பயன்படுத்தி வளர்த்தாலும் லெவலுக்கு உதவும். என் ஓட்டு அதற்குத்தான். சிலம்பம் சுற்றச் சுற்றத்தானே கை பழகுகிறது?

ஒப்ளிவியனில் நான் வளர்ந்தால் எதிரியும் வளர்கிறானே?

சம்பளம் ஏறினால் விலைவாசி சும்மா இருக்கிறதா? ஆனாலும் இது பெரிய குறைதான். லெவல் ஏறிய பிறகு, வழிப்பறிக்காரன் விலை உயர்ந்த கண்ணாடிக் கவசத்தோடு வந்து நிற்பான். அந்தக் கவசத்தை விற்றாலே அவன் உட்கார்ந்து சாப்பிடலாமே!

அடி வாங்கினால் பலம் கூடுமா?

ஃபைனல் ஃபேண்டஸி 2 (1988) என்ற வேறொரு ஆட்டத்தில் கூடும். அதில் பாத்திரங்களுக்கு லெவலே கிடையாது; அடிபட அடிபட உயிர்ப்புள்ளி வளரும். அதனால் ஆட்டக்காரர்கள் சொந்தக் கூட்டாளிகளையே அடித்து வளர்த்தார்கள்!

ப்ளஸ் டூ படிக்கும் தம்பி ஸ்கைரிமில் 81ஆம் லெவலைத் தொடாமல் விடமாட்டானாம்.

81 உச்சமாக இருந்தது பழைய கதை. 2013இல் அந்த எல்லையையே எடுத்துவிட்டார்கள். ஸ்கைரிம் எங்கும் ஓடிவிடாது. பொதுத்தேர்வு மார்ச்சில் வந்துவிடும். தம்பியிடம் அன்பாக எடுத்துச் சொல்லுங்கள்.