பேத்தியம்: மூலமும் உரையும்

பாயிரம்

நூல் செய்பவர் சிறப்புப் பாயிரத்துக்குரிய எட்டையும் முதலில் சொல்லியாக வேண்டும். ஆக்கியோன், சித்தூரில் ஓய்வூதியம் வாங்கும் ஒரு தாத்தா. நூற்பெயர், பேத்தியம். நுதலிய பொருள், காலாண்டுத் தேர்வு முடிந்து சென்னையிலிருந்து வந்திறங்கிய ஆறு வயதுப் பேத்தியோடு ஒரு வாரம் கழிக்குமாறு. வழியை நோக்கின் இது வழிநூல். முதல்நூல் செய்தவர் ஆயா, அதாவது பேத்தியின் பாட்டி. அவர் அதை எழுதவில்லை, அடுக்களையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். யாப்பு, விரி, பெட்டியைத் திறந்ததும் வீடெங்கும் விரிந்தமையின். கேட்போர், பேரப்பிள்ளைகளின் பள்ளி நாட்காட்டியைத் தம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பிற தாத்தாக்கள்.

எல்லையைச் சற்று விரித்துரைக்க வேண்டும். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வேங்கடத்தை வடவெல்லையாக்குகிறது. அந்த மலைக்குத் தெற்கே, ஏறத்தாழ எழுபது கிலோமீட்டரில், நீவா ஆற்றங்கரையில் இருப்பது சித்தூர். மாவட்டக் கணக்கு வேறு. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று; 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று; 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இத்தனை எல்லை மாற்றம் கண்ட மண்ணிலும், தாத்தாவின் கட்டிலில் ஒரே இரவில் நிகழ்ந்ததற்கு ஈடில்லை. விடிவதற்குள் தாத்தாவின் ஆட்சிப் பரப்பு சுவரோரம் ஒரு சாணாகச் சுருங்கிற்று. திருத்தணி எல்லை வழக்கைத் தீர்த்துவைக்க நடுவராகப் படாஸ்கர் வந்தார். இந்த வழக்கை எடுத்து விசாரிப்பார் யாருமில்லை.

எட்டாவதாகிய பயன், நூலின் இறுதியில் சொல்லப்படும்.

உணவியல்

பசியெனப் படுவது பண்டம் நோக்கும்;
சோறெதிர் வரினே சொல்லாது மறையும்.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், பேத்தியின் பசியது தன்மை உணர்த்துதல் நுதலிற்று. ஆயா ராகி சங்கடி கிண்டி வேர்க்கடலைத் துவையலோடு வைத்தபோது "வயிறு ஃபுல்லு" என்றாள். துடைப்பம் எடுத்து வீடு பெருக்கும் நேரத்துக்குள் அதே வயிறு பொங்கணாலு கேட்டது. ஒரே வயிறு ஒரே பொழுதில் நிறைந்தும் குறைந்தும் இருத்தல் கூடுமோ எனின், கூடும். சோற்றறை வேறு, பண்டஅறை வேறு ஆகலின்.

இங்கே ஒரு தடை எழும். இனிப்புக் கொடுக்கக் கூடாது என்பது மருமகளின் ஆணை. திருமலை லட்டு இனிப்பினுள் அடங்குமோ? அடங்காது. 2009இல் புவிசார் குறியீடு பெற்று அது தனி இனமாயிற்று என்பர் ஒருசாரார். பேத்தியின் வாதம் அதனினும் வலிது. வீடியோ அழைப்பில் கையும் லட்டுமாகப் பிடிபட்டபோது, "இது ஸ்வீட் இல்லம்மா, பிரசாதம்" என்றாள். மறுமுனை கன்னத்தில் போட்டுக்கொண்டது. தடை நீங்கிற்று.

காட்சியியல்

காட்டுவ காணாள்; காண்பன காட்டலம்;
ஒரோவழிக் காண்டலும் உரித்தென மொழிப.

முதலடிக்கு எடுத்துக்காட்டு சந்திரகிரி. விஜயநகர மன்னர்கள் பிற்காலத்தில் இருந்து ஆண்ட இடம்; 1639இல் ஆங்கிலேயருக்குச் சென்னையில் நிலம் கொடுத்த வரலாற்றோடு தொடர்புடையது. "உன் ஊரோட கதையே இங்கேயிருந்துதான் ஆரம்பம்" என்று ராஜமகாலைச் சுட்டித் தாத்தா நெடுநேரம் பேசினார். அவள் புல்வெளியில் வேர்க்கடலை தின்ற அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருமலையில் சிலாதோரணத்தின் முன்பும் அவ்வாறே. நூறு கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட பாறை, தானே வளைந்து தோரணமாய் நிற்கிறது, தேசியப் புவியியல் நினைவுச் சின்னம் என்றெல்லாம் சொல்லி முடிப்பதற்குள், கம்பிவேலிக்குள் போய் வர முடிகிற எறும்புகளை அவள் எண்ணத் தொடங்கியிருந்தாள்.

இரண்டாம் அடிக்கு எடுத்துக்காட்டு காணிப்பாக்கம். அங்கே கிணற்று நீரில் எழுந்தருளியிருக்கும் வரசித்தி விநாயகர் வளர்ந்துகொண்டே வருகிறார் என்பது நம்பிக்கை. முன்பு ஒரு பக்தர் செய்துகொடுத்த வெள்ளிக் கவசம் இப்போது பொருந்துவதில்லை என்பார்கள். இதைக் கேட்டவள் தன் கவுனின் விளிம்பை முழங்காலுக்கு இழுத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளையாருக்கும் போன வருஷத்து டிரெஸ் பத்தலையா?" என்றாள். தலபுராணம் முழுவதும் ஒரே வினாவில் அடங்கிற்று.

வினாவியல்

ஆறென மொழிந்தார் அறிந்திலர் ஏழே;
விடாஅ வினாவும் வினாவெனப் படுமே.

நன்னூலார் வினாவை அறிவு, அறியாமை, ஐயுறல், கொளல், கொடை, ஏவல் என ஆறாகப் பகுத்தார். அவர் பேத்தியோடு திருமலையிலிருந்து இறங்கும் பேருந்தில் போனவரல்லர் எனத் துணியலாம். ஏறும் பாதை 1974இல் போட்டது, வளைவு குறைவு. இறங்கும் பாதை 1944இல் போட்ட பழையது. கொண்டை ஊசி வளைவு 36. "இன்னும் எத்தனை?" என்ற வினா ஒவ்வொரு வளைவிலும் பிறந்தது. விடை தெரியாமல் கேட்டாளோ எனின், இல்லை. எண்ணிக்கொண்டு வந்தவளே அவள்தான். தெரிந்துகொண்டு சோதித்தாளோ எனின், அதுவும் இல்லை. தாத்தாவின் விடையைக் கேட்கவே இல்லை. ஆகவே இது ஏழாவதாகிய விடா வினா.

விடையும் எட்டென்றார் நன்னூலார். ஒன்பதாவதாக ஒன்றைத் தாத்தாமார் வழங்குவர். அது, "ஆயாவைக் கேளு." இதனை ஏவல் விடையில் அடக்கினால் என்னை எனின், அடங்காது, ஆயா ஏற்காமையின்.

மரபியல்

மகனுக்கு விலக்கின பேத்திக்கு விதியே.

இந்நூற்பாவால் குடும்பத்தில் பெரும் பூசல் விளைந்தது. தெருவில் மணியடித்து வந்த வண்டியில் குச்சி ஐஸ் வாங்கி, பேத்தியும் தாத்தாவும் திண்ணையில் உட்கார்ந்து தின்றதை மகன் வீடியோவில் கண்டான். "நான் கேட்டப்போ சாக்கடைத் தண்ணியில செய்யறதுன்னீங்களே நைனா?" என்றான். அவன் சிறுவனாயிருந்த காலத்தில் ஐஸ் வண்டி வரும்போதெல்லாம் வீட்டுக் கதவு சாத்தப்படும்; வாய்ப்பாடு ஒப்பித்தால்தான் திறக்கும். இப்போது கதவைத் திறந்து வண்டியை நிறுத்துபவரே தாத்தா. முன்னுக்குப் பின் முரணன்றோ எனின், அன்று. கால வகையால் பழையது கழிந்து புதியது புகுவது குற்றமாகாது என்று நன்னூலார் முன்பே இசைவு தந்துவிட்டார். அவ்விதி குச்சி ஐஸுக்குச் செல்லாது என்று அவன் மறுத்தான். தந்தை தன் குழந்தையைத் திருத்தக் கடமைப்பட்டவன். தாத்தா ஒருமுறை திருத்திப் பார்த்து, அதன் விளைவை இப்போது வீடியோவில் காண்கிறவன். இருவர்க்கும் விதி ஒன்றாதல் யாங்ஙனம்? இவ்விடை மகனுக்கு உவப்பாயில்லை.

பயன்

விடுமுறை யாருக்கு என்பதே எஞ்சிய ஐயம். பேத்திக்கோ எனின், அவளுக்குப் பள்ளி கொடுத்தனுப்பிய விடுமுறை வீட்டுப்பாடம் இருந்தது. தாத்தாவுக்கோ எனின், முட்டியில் தடவிய தைலமே மறுக்கும். ஆயாவுக்கோ எனின், வினவினார்க்குக் கரண்டி விடையாகும். குடும்பக் குழுவில் அந்த வாரம் வந்த படங்களில், மகனும் மருமகளும் திரையரங்கில் பாப்கார்னோடு சிரித்துக்கொண்டிருந்தனர். ஆகவே பள்ளி விடுமுறையாவது பெற்றோர்க்கு விடப்படுவது என்பது முடிந்த முடிபு.

புறனடை

பேத்தியை அழைத்துப் போக வந்த மகன், பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு, "அரையாண்டு லீவுக்கும் அனுப்பட்டுமா?" என்று கேட்டான். இது தான் ஒன்று பெறுவதற்குக் கேட்ட கொளல் வினாவா, எமக்கு ஒன்று தருவதற்குக் கேட்ட கொடை வினாவா என்று தாத்தா ஆராயத் தொடங்கினார். அதற்குள் ஆயா, "இதையும் கேக்கணுமாடா?" என்றுவிட்டார். வினா எதிர் வினாதலும் விடையாம் ஆதலின், நூல் முற்றிற்று.