டிராக்டருக்கு வந்த ஹைவே ஆசை

1947-ல் இங்கிலாந்தின் ரோவர் கம்பெனிக்குப் போதாத காலம். எஃகு ரேஷனில் இருந்தது. ஏற்றுமதி செய்கிறவனுக்குத்தான் கோட்டா என்று அரசாங்கம் கறாராகச் சொல்லிவிட்டது. ரோவரோ டாக்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் கண்ணியமான கார் செய்து பழகிய கம்பெனி. அந்தக் கண்ணியத்தைக் கப்பலேற்றி விற்பது எப்படி என்று யாருக்கும் பிடிபடவில்லை.

கம்பெனியின் தலைமை இன்ஜினியர் மாரிஸ் வில்க்ஸுக்கு வேல்ஸ் பக்கம் ஆங்கில்ஸி தீவில் ஒரு பண்ணை. பண்ணையில் ஓடியது ரோவர் அல்ல, யுத்தம் முடிந்து கழித்துவிட்ட அமெரிக்க வில்லீஸ் ஜீப். "இது தேய்ந்துபோனால் என்ன செய்வாய்?" என்று அண்ணன் ஸ்பென்சர் கேட்டதாகவும், "இன்னொரு ஜீப் வாங்குவேன், வேறென்ன கிடைக்கிறது?" என்று தம்பி சொன்னதாகவும் கதை. அண்ணன்தான் கம்பெனியின் மேனேஜிங் டைரக்டர். வாகனம் செய்வதையே பிழைப்பாகக் கொண்ட இரண்டு பேர் இப்படிப் பேசிவிட்டு ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்துக்கொண்டார்களோ.

ஜீப்பின் சேஸிஸையே எடுத்து முதல் மாதிரி வண்டியைக் கட்டினார்கள். சில தேசத்தில் ஸ்டீயரிங் வலப்பக்கம், சில தேசத்தில் இடப்பக்கம். எதற்கு வம்பு என்று நட்டநடுவில் வைத்துவிட்டார்கள். இரு பக்கமும் உட்காருகிறவனின் முழங்காலை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. நல்லவேளை, விற்பனைக்கு வரும்முன் புத்தி வந்தது. எஃகுக்குத் தட்டுப்பாடு என்பதால் உடம்புக்கு அலுமினியம். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட்ரோவர் அரங்கேறியது.

அதன் அடிவயிற்றில்தான் நம் கதாநாயகன் இருக்கிறான்: ஒரு வட்ட ஓட்டை. சக்தியை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் முதுகில், மூடி போட்டு போல்ட் முடுக்கிய ஓட்டை. மூடியைக் கழற்றி அங்கே பி.டி.ஓ. என்கிற 'பவர் டேக்-ஆஃப்' பொருத்தினால் இன்ஜின் சக்தியைப் பின்னால் எடுத்து ரம்பம் ஓட்டலாம், கதிரடிக்கலாம், தண்ணீர் இறைக்கலாம். விளம்பரமெல்லாம் இதைச் சுற்றித்தான். ரோட்டில் ஓடும் என்பது ஓர் உபரித் தகவல்.

சர்க்காரும் அதை அப்படியே நம்பியது. வியாபார வாகனம் என்று வகைப்படுத்தி, கொள்முதல் வரி வேண்டாம் என்றது. வாங்கியவன் குதித்தான். அதே வகைப்பாட்டின்படி மணிக்கு 30 மைலுக்கு மேல் போகக் கூடாது என்றது. குதித்தவன் உட்கார்ந்தான். வேகமாகப் போய் மாட்டிக்கொண்ட ஓர் ஆசாமி விடாமல் வழக்காடி, பிரபுக்கள் சபை நீதிபதிகள் வரைக்கும் இழுத்துப்போனார். வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் வியாபார வாகனம், இல்லாவிட்டால் இல்லை என்று அந்தப் பெரியவர்கள் தீர்ப்பளித்தார்கள்.

சட்டம் வழிவிட்டது, கியர் விடவில்லை. 1959-ல் எம்-1 மோட்டார்வே திறந்தபோது அதில் வேக வரம்பே கிடையாது. பளபளப்பான கார்கள் பறக்க, நம்மாள் இடது ஓரமாக அலறிக்கொண்டு போனார். காரணம் எளிய பெருக்கல். டிஃபரன்ஷியலில் கிரவுன் பினியன் விகிதம் 4.7. அதற்கு முன்னால் டிரான்ஸ்ஃபர் பாக்ஸ், ஹை ரேஞ்சிலேயே, 1.15 மடங்கு இறக்கிவிடும். ஆக டாப் கியரிலும் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் ஏறக்குறைய 5.4 சுற்றுச் சுற்ற வேண்டும். 7.50-16 டயர் போட்ட வண்டி 60 மைல் வேகத்தில் போனால் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,600 சுற்று. 2.25 லிட்டர் பெட்ரோல் இன்ஜினின் முழுச் சக்தியே 4,000-த்தைத் தாண்டுமிடத்தில் தீர்ந்துவிடும். பக்கத்தில் இருக்கிற மனைவியிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வண்டியை ஓரங்கட்டித்தான் சொல்ல வேண்டும். இதைக் குறையாகக் கருதாத கணவர்களும் இருந்திருப்பார்கள்.

1970-ல் அதே கம்பெனி ரேஞ்ச் ரோவரைக் கொண்டுவந்தது. அதன் டிஃபரன்ஷியல் விகிதம் 3.54. துருப்பிடித்து அவை காயலான் கடைக்கு வரத் தொடங்கியதும் பழைய லேண்ட்ரோவர்காரர்கள் ஸ்பேனரோடு போய் நின்றார்கள். அந்த டிஃபரன்ஷியல் இந்த ஆக்ஸிலில் சமர்த்தாக உட்கார்ந்தது. முன்னும் பின்னும் இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நாலு சக்கரத்துக்கும் சக்தியைப் போட்டால் முன்சக்கரம் ஒரு கணக்கும் பின்சக்கரம் ஒரு கணக்கும் பேசி, நடுவில் எதையாவது முறித்துக்கொள்ளும்.

இரண்டையும் மாற்றியவருக்கும் நிம்மதி இல்லை. ஸ்பீடோமீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் பாக்ஸிலிருந்து போகிறது. பின்னால் நடந்த புரட்சி அதற்குத் தெரியாது. வண்டி 60-ல் போகும், முள் 45-ல் நின்று சத்தியம் செய்யும். அதைவிடப் பெரிய சிக்கல், ரேஞ்ச் ரோவரின் 3.54-க்குப் பின்னால் தள்ள 3.5 லிட்டர் வி-8 இருந்தது. இங்கே இருப்பது எழுபது சொச்சம் குதிரை. முன்னால் காற்றை எதிர்த்துப் பீரோவை நிமிர்த்தித் தள்ளுகிற மாதிரியான முகப்பு. மேடு வந்தால் டாப் இழுக்காது, மூன்றாவதுக்கு இறங்க வேண்டும், அலறல் திரும்பிவிடும். சேற்றில் ஊர்ந்து போகும் வேகம் வேறு கைவிட்டுப் போயிற்று. அதற்காகத்தானே ஐயா வண்டியையே வாங்கியது!

இங்கேதான் ஓட்டை மறுபடி மேடையேறுகிறது. ஃபேரி என்றால் பழைய ஆட்களுக்கு விமானம். 1941-ல் பிஸ்மார்க் போர்க்கப்பலின் சுக்கானை டார்பிடோ போட்டு முடக்கிய ஸ்வார்ட்ஃபிஷ் அந்தக் கம்பெனியுடையதுதான். துணி போர்த்திய இரட்டை இறக்கை, வேகம் மணிக்கு 140 மைல் சுமார்தான். அப்பேர்ப்பட்ட வேகப் பரம்பரையில் வந்த ஃபேரி வின்ச்சஸ், டெவனில் உட்கார்ந்து 1970-களில் லேண்ட்ரோவருக்கு ஓவர்டிரைவ் செய்தது. பி.டி.ஓ. ஓட்டையின் மூடியைக் கழற்று, இதை மாட்டு, லீவரைத் தள்ளு. இன்ஜின் சுற்று ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். வேண்டாத இடத்தில் எடுத்துவிடலாம், சேற்று வேகமும் பத்திரம், ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது.

என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. அது குடிக்கும் எண்ணெய் கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தைப் பார்க்க மறந்தால் அழத் தொடங்கும். மெயின் கியர் ஒன்று, ஹை-லோ ரேஞ்ச் மாற்றச் சிவப்புக் குமிழ் ஒன்று, நாலு சக்கரத்துக்கும் சக்தி போட மஞ்சள் குமிழ் ஒன்று என்று ஏற்கெனவே லீவர் காடாக இருந்த தரையில் நாலாவதும் முளைத்தது. நாலு கியர், இரண்டு ரேஞ்ச், ஓவர்டிரைவ் போட்டும் போடாமலும் என்று கணக்குப் போட்டால் முன்னே போக 16 கியர், பின்னே வர 4. கதிரடிக்கும் யோசனை இருந்தவர் மட்டும் அதை அத்தோடு விட்டுவிட வேண்டியதுதான். ஓட்டை காலி இல்லை.

1983-ல் கம்பெனியே விழித்துக்கொண்டு ஒன்-டென் என்று புது மாடல் விட்டது. நாலு சிலிண்டர் வண்டிகளுக்கு ஐந்தாவது கியர், டிஃபரன்ஷியல் அதே 3.54. காயலான் கடைக்கு ஸ்பேனரோடு போனவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள். அப்புறம்தான் டிரான்ஸ்ஃபர் பாக்ஸைப் பார்த்தார்கள்: 1.15 இருந்த இடத்தில் 1.67. பெருக்கினால் நாலாவது கியரில் 5.9. பழைய வண்டியின் 5.4-ஐவிட மோசம்!